ஆளில்லாத் தோணிக்கு மேற்றிராணியார் உத்தரவு

அந்தப் புத்தகம் நல்ல புத்தகம். பத்து வயதில், கோவில் கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். பல்லெல்லாம் கொட்டிப்போன இந்த வயதிலும் அதையேதான் சொல்லுகிறேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்து, ஏதாவது பழைய அலமாரியில் ‘ஆளில்லாத் தோணி’ என்ற கதைப் புத்தகம் கிடைத்தால், யாரிடமும் யோசனை கேட்காமல் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாள் தனியாகக் கொல்லைப்பக்கம் போகப் பயப்படுவார்கள். மூன்றாம் நாள் சரியாகிவிடும்.

பினாங்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, நாகப்பட்டினத்துக் கப்பலில் சரக்கு எண்ணுகிறவர். பயணிகள் இறங்கிப் போன பிறகு கப்பல் தட்டில் கிடக்கும் சாமான்களில், உடையவர் தேடி வராதவையெல்லாம் மாமா மூலம் எங்கள் வீடு வந்து சேரும். அப்படி ஒரு கைவிளக்கு வந்தது. ஒற்றைச் செருப்பு வந்தது. ஒரு தடவை கூண்டோடு மைனா வந்து, இரண்டு நாள் எல்லாரையும் திட்டிவிட்டுப் பறந்துபோனது. ‘ஆளில்லாத் தோணி’யும் அட்டை கிழிந்து, உப்புக்காற்றில் ஊறி அப்படித்தான் வந்தது.

கதை இதுதான். ஒரு மீன்பிடிக் குப்பத்தில் ஒரு நாள் பொழுது சாயும் வேளையில், ஓட்டுகிறவன் யாரும் இல்லாமல் ஒரு பெரிய தோணி தானாக வந்து கரை தட்டுகிறது. அதில் மணி அடிக்கிறது. பாய்மரத்தில் ஒரு கை தொங்குகிறது. ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறது. மூன்று பிள்ளைகள் மட்டும் தோணியில் ஏறிப் பார்க்கிறார்கள். முதலில் ஏறுகிறவள் பெண்பிள்ளை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் புத்தகத்தை நான் ஏழு தடவை படித்தேன். கடைசியில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உப்பு மூட்டைக்குள் திருட்டு நகையை ஒளித்து வைத்திருந்த பெரிய மனிதர்கள், பிள்ளைகள் கிட்டே வராமலிருக்கக் கட்டிவிட்ட கதை அது.

நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். முதன்முதலாக நற்கருணை வாங்குவதைப் புதுநன்மை என்போம். அந்த வருடம் எனக்குப் புதுநன்மை. எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் இருந்தது. புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகம் கூடத்து அலமாரிக்குக் கொடுக்க வேண்டும். சும்மா நீட்டிவிட்டு வந்துவிட முடியாது. எல்லாருக்கும் முன்னால் நின்று, மற்றப் பிள்ளைகள் அதை ஏன் படிக்க வேண்டும் என்று நாலு வார்த்தை பேச வேண்டும். எல்லாரும் அர்ச்சியசிஷ்டவர்களின், அதாவது புனிதர்களின், சரித்திரத்தைத்தான் கொடுப்பார்கள். அந்தச் சரித்திரங்களில் வேதசாட்சிகளைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டார்கள், சிங்கத்துக்கு இரையாக்கினார்கள், உயிரோடு தோலை உரித்தார்கள். அதையெல்லாம் ஏழு வயதுப் பிள்ளை படிக்கலாம். பாய்மரத்தில் தொங்கிய ஒரு கையைப் பற்றி மட்டும் படிக்கக் கூடாதாம்.

அலமாரியில் இருந்த புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில், இது மேற்றிராணியாருடைய உத்தரவின்படி அச்சிடப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. மேற்றிராணியார் என்றால் எங்கள் சாமியார்களுக்கெல்லாம் மேலே உள்ள பிஷப். என் புத்தகத்தில் அந்த வரி இல்லை. அச்சடித்தவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இத்தனை நல்ல புத்தகத்துக்கு மேற்றிராணியார் உத்தரவு கொடுக்காமலா இருப்பார்? அப்பாவின் ஊதா மையைத் தொட்டு, கோணல் இல்லாமல், நானே அந்த வரியை எழுதினேன்.

எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார். நெட்டையான மனிதர். கூடத்துக்குப் பின்னாலிருந்த ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தார். மனைவி இறந்துவிட்டாள், மகள் காரைக்காலில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். அந்த வேதபாடத்துக் கேள்வி பதில் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் ஒரு வார்த்தையை விழுங்கினாலும் அவர் காது பிடித்துவிடும். என் முறை வந்ததும், முதல் பக்கத்தை வாசி என்றார். வாசித்தேன். நான் எழுதிய வரியையும் கம்பீரமாக வாசித்தேன். தலையை ஆட்டினார். அதன் பிறகு நான் கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. பக்கத்திலிருந்த சிறுமியைக் கூப்பிட்டு அத்தியாயத் தலைப்புகளை வாசிக்கச் சொன்னார். ‘பாய்மரத்தில் தொங்கிய கை’ என்று அவள் ஆரம்பித்தாள். ‘உப்புக்குள் ஒரு முகம்’ என்று வந்தபோது முதல் பெஞ்சில் ஒரு பொடியன் ஓவென்று அழுதுவிட்டான். அவன் எப்போதும் அழுகிறவன், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

உபதேசியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், கெட்ட புத்தகம் படித்தேன் என்று சாமியாரிடம் நான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லாருக்கும் முன்னால், இது கெட்ட புத்தகம், யாரும் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். பிறகு புத்தகம் அடுப்புக்குப் போகும். சொல்லாவிட்டால் எனக்குப் புதுநன்மை அடுத்த வருடம்தான்.

வீட்டில் அம்மா என் வெள்ளைக் கவுனுக்கு லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வார்த்த லா, பாப்பா. கெட்ட புத்தகம்னு சொல்லிட்டு வந்துரு. வாயி தேஞ்சா போயிரும்?”

“நல்லத கெட்டதுன்னு சொன்னா பொய்மா. பொய் சொல்லாதேங்கிறதுதான் எட்டாம் கற்பனை. அவருதானே சொல்லிக்கொடுத்தாரு.”

“அவரோட மல்லுக்கு நிக்காத,” என்றார் அப்பா, பேப்பரை இறக்காமலே. “அதுவும் நாலு பேரு முன்னாடி வேணாம். புதுச் சாமி வேற வந்திருக்காரு.”

எட்டாம் கற்பனையைப் பற்றி அவ்வளவு பேசினேனே, மேற்றிராணியார் பெயரில் நான் எழுதிய வரி பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவைக் கோழை என்று நினைத்தேன். அம்மாவுக்கு லேஸ் வீணாகிவிடுமே என்று கவலை என்று நினைத்தேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, தம்பியைக் கிள்ளியது, சர்க்கரை திருடியது, மாமாவின் மூக்கைப் பார்த்துச் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. பாவமில்லாததைப் பாவம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன தலையெழுத்தா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூடத்துக்குப் போனால், புதுச் சாமியாரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர். புதுச்சேரியில் இருந்துவிட்டு அந்த வாரம்தான் பினாங்குக்கு மாறி வந்தவர். செம்பட்டைத் தாடி. அவர் பேசும் தமிழ் ஜெபப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது போலிருக்கும். உபதேசியார் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தேன்.  

“இது நல்ல புத்தகம்,” என்றேன். “எல்லாரும் படிங்க.”

 உபதேசியார் மேசையைத் தட்டினார். “சாமி, இந்தப் பிள்ள பேய்ப் புத்தகத்தக் கொண்டாந்து சின்னப் புள்ளைங்க மனச கெடுக்குது. புத்திமதி சொல்லியும் கேக்க மாட்டேங்குது.”

“அவரு படிச்சாரான்னு கேளுங்க சாமி!” என்றேன். என் குரல் கூடிவிட்டது. “படிக்காமலே கெட்டதுன்னு சொல்றாரு. எந்த வரி பாவம்? அவரே வாசிச்சுக் காட்டட்டும்.”

சாமியார் தாடியை நீவிக்கொண்டார். கேள்வி நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்து உபதேசியார் கையில் வைத்தார். “வாசித்துக் காட்டும், உபதேசியாரே. பாவமானது எதுவென்று பிள்ளையும் அறியட்டும்.”

உபதேசியார் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தைப் புரட்டினார். முகத்துக்கு அருகே கொண்டுபோனார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், மறுபடியும் புரட்டினார்.  எனக்குள் ஒரே கொண்டாட்டம். கெட்ட வரி இருந்தால்தானே கிடைக்கும்!

“இந்தா, இந்தப் பக்கத்துல,” என்று விரலை வைத்தார். “பேயக் கும்பிடச் சொல்லி எழுதியிருக்கு, சாமி.”

நான் முன்னால் ஓடி எட்டிப் பார்த்தேன். “அது கூந்தல் தைல விளம்பரம்!” என்று கத்தினேன். “சாமி, அது கூந்தல் தைலம்!”

நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். அழுகிற பொடியன்கூடச் சிரித்தான். உபதேசியாரின் விரல் விளம்பரத்தின் மேலேயே இருந்தது. சாமியார் எழுந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு உபதேசியாரின் முகத்துக்கு வெகு அருகே போய், அவர் கண்ணைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“நீர் அமரும்,” என்றார் மெதுவாக.

புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பியதும் அவர் புருவம் ஏறியது. “இந்த ஊதா மை யாருடையது?”

“என்னோடது சாமி. அச்சுல விட்டுட்டாங்க.”

சாமியார் கைக்குட்டையால் வாயைப் பொத்தி இருமினார். புத்தகம் வாசித்தது பாவமல்ல, மேற்றிராணியாரின் வேலையை நீ செய்ததுதான் பாவம், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல் என்றார். அதை ஒப்புக்கொண்டேன், ஏனென்றால் அது உண்மை. புத்தகத்தை அவரே கொண்டுபோய் நாலு நாளில் படித்து முடித்து, என் வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அலமாரியில் வைத்தார். அந்த வருடக் கடைசிக்குள் பிள்ளைகள் அதைப் படித்துப் படித்துத் தாள் தாளாக்கிவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு ஓடி வந்து, “ஜெயிச்சுட்டேம்மா!” என்றேன்.

“ஆமா,” என்றாள் அம்மா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ஜெயிச்சுட்ட.”  அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு உபதேசியாரைப் பார்க்கப் போனார். தப்பு அவர் பேரில், எதற்காக இவர் போக வேண்டும் என்று எனக்குக் கோபம் வந்தது.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா விஷயத்தைச் சொன்னாள். உபதேசியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து அப்போதே மூன்று வருடமாகியிருந்தது. ஆள் அசைவது தெரியும். எழுத்துத் தெரியாது, முகம் தெரியாது. அம்மாவுக்கு இது தெரியும், அப்பாவுக்குத் தெரியும், கோவிலில் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஞானோபதேசம் முழுக்க மனப்பாடமாக இருக்கிறவருக்குக் கண் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். வேலை போனால் அந்த அறையும் போய்விடும். ஆகவே புதுச் சாமியாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்.

என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இதை அம்மாவிடமே சண்டை போட்டுக் கேட்டிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையால் ரகசியம் காக்க முடியாது என்று நினைத்தார்கள், பொய் மட்டும் சொல்ல முடியும் என்று நினைத்தார்கள். “கண்ணு தெரியலன்னு சொல்லியிருந்தா நானே பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டியிருப்பேனே,” என்றேன்.  அவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் கூடத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தது நான், அவர்கள் இல்லை.

புதுச் சாமியார் கெட்டவர் அல்ல. எங்கள் புதுநன்மை முடியும்வரை உபதேசியாரை இருக்கச் சொன்னார். அதன் பிறகு மகளிடம் போய்ச் சேரும்படி அவரைக் கப்பலேற்ற ஏற்பாடு செய்தார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வேறு ஓர் உபதேசியார் வந்தார். பழையவர் புறப்பட்ட நாள் காலையில், நாங்கள் புதுநன்மை உடுப்போடு படகுத்துறையில் வரிசையாக நின்றோம். கப்பல் கடலில் தள்ளி நின்றது. கப்பல்வரை படகு ஓட்டுகிற சம்பான்காரன் காத்திருந்தான்.

உபதேசியார் வரிசையின் ஒரு முனையிலிருந்து வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவரும், “போய்ட்டு வாங்க,” என்றார்கள். குரலைக் கேட்டதும் அவர் பெயரைச் சொல்லி, நெற்றியில் விரலால் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார். அழுகிற பொடியனை அவன் வாய் திறக்குமுன்பே விசும்பலை வைத்துத் தெரிந்துகொண்டார். என் முறை வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கை என் முக்காட்டைத் தொட்டு நின்றது.

“இது யாரு?” என்றார்.

என்னைத் தெரியாதது போல் நடிக்கிறார் என்று நினைத்தேன். தோற்றுப்போனவருக்கு என் முகத்தைப் பார்க்க வெட்கம் என்று நினைத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு, தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, அவர் கண்ணுக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.