சவேரியண்ணன் தண்ணீர் ஊற்றிய கட்டை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: சென்ற செவ்வாய்க்கிழமை காலை மங்கலம் ரோட்டில் எங்கள் லைன் வீட்டுக் குழாயில் தண்ணீர் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, தூங்கிக்கொண்டிருந்த பொதுமக்களை வஞ்சித்தது. இந்த மாபெரும் செய்தியை நான் தெருவுக்கே முழங்கிக்கொண்டிருந்தபோது அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "கத்தாத கண்ணு. சவேரியண்ணன் தவறிட்டாராமா."

அப்பா வேலை செய்யும் சாயப்பட்டறையின், அதாவது நம் டையிங்கின், பாய்லர்காரர் சவேரியண்ணனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வாழ்நாளெல்லாம் ஆவியைக் கட்டி மேய்த்தவரின் ஆவி, ஆஸ்பத்திரியில் சத்தமில்லாமல் பிரிந்துவிட்டது. இந்த வரிக்கு அவரே சிரித்திருப்பார். அவரை ஏமாற்றிய ஒரே ஆள் நான்தான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும்.

அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க நான் டையிங்குக்குப் போனால், சவேரியண்ணன் பாய்லருக்கு அடுக்கிய விறகு அட்டியின் மேல் மல்லாந்து படுத்து மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகங்கள் ஈர பனியன் துணி போல மெல்ல மெல்ல மிதந்து வரும். நம் தலைக்கு மேல் வருவதற்குள் வெளுத்துக் காய்ந்துவிடும். ஆடி பிறந்தும் சாரல் இல்லை. துணி காயப்போடுகிறவர்களுக்கு மட்டும் சந்தோஷம். மழைக்கும் பவர் கட்டா என்று அவரிடம் கேட்டேன்.

"மரமும் ஒரு பாய்லருதாம்லே," என்றார். "வேரு தண்ணிய இழுக்கும், எல ஆவியா விடும். கடல்லேருந்து கெளம்புத மேகம் மலைக்காட்டுல அந்த ஆவியையும் ஏத்திக்கிட்டுல்லா இங்க வரும். வழியில உள்ள பாய்லரையெல்லாம் வெட்டிட்டா, இங்க பிரஷர் எப்படில வரும்?"

பிறகு கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, மேகத்திடம் சொல்வதுபோலச் சொன்னார்: "வெட்டுனத அடுப்புல போடுதவன் நானு."

லாரியில் வரும் கட்டைகளில் துளிர் தெரிந்தால் அதை மட்டும் எரிக்கமாட்டார். காம்பவுண்டு ஓரம் நடுவார். சாயத் தண்ணீர் ஊறிய மண், ஒன்றும் பிழைத்ததில்லை. சாவதற்குள் ஒன்றாவது பிழைக்க வேண்டும் என்பார். என் மூளை அங்கேதான் வேலை செய்தது. காய்ந்த கட்டை ஒன்றில் மூன்று பூவரச இலைகளைப் பசை வைத்து ஒட்டி, அட்டியின் மேலேயே வைத்தேன். எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நட்டார். தினமும் தன் குடிதண்ணீரில் பாதியை ஒரு பெயிண்ட் டப்பாவில் எடுத்துவந்து ஊற்றினார். வாடிய இலையைப் பிய்த்துவிட்டுப் புது இலை ஒட்டுவது எனக்கு மாலைநேர உத்தியோகமாயிற்று. சுவருக்குப் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மூன்று வாரம் முன்பு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "புது எல விட்டுச்சாலே?" என்றார்.

"நாலு விட்டிருக்குதுங்கண்ணா."

கண்ணை மூடியபடியே சிரித்தார். "சவுக்குக் கட்டையில பூவரச எல. அதுவும் பாய்லர்காரன்ட்ட." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனாலும் பச்சையா, பாக்க நல்லாத்தாம்ல இருந்துச்சு. தண்ணிய நிறுத்திராத."

அதற்கப்புறமும் கூச்சமில்லாமல் உங்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அது செல்லாது. முதல் நாளே கட்டையைக் கண்டுபிடித்துவிட்டவர் முன்னால் தினமும் இலை ஒட்டிய மடையன் நான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த பெயிண்ட் டப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சவுக்குக்குப் பக்கத்தில் வேறு மண் கொட்டி பச்சைக் கிளையாக ஒரு பூவரசம் போத்து வெட்டி நட்டேன். இலை விட்டதும் போய்ச் சொல்லலாமென்று காத்திருந்தேன். அவர் போன சேதி வந்த மறுநாள், புதன்கிழமை காலையில் பார்த்தால் இரண்டு விட்டிருக்கிறது.

யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பாருங்கள். மெதுவாக. இது ஒட்டினதில்லீங்க.