நாற்பத்தேழாவது வரி

நாற்பத்தேழாவது வரிக்கு மட்டும் அவளிடம் தாள் இல்லை. மற்ற ஐம்பத்தொன்றுக்கும் கட்டுரையின் முதல் பக்கத்தை அச்செடுத்து, வரிசை எண் போட்டு, கோப்பில் குத்தியிருந்தாள்.

சீனித்தாய், ஒரு கல்லூரியின் கடலுயிரியல் துறையில் ஆறு வருடமாகத் திட்ட உதவியாளர். ஓட்டப்பிடாரத்திலிருந்து தினமும் பஸ். ஆய்வு நிதிக்குத் துறை விண்ணப்பிக்கும்போதெல்லாம் சான்றுப் பட்டியல் அவள் வேலை. கண்ணால் பார்க்காத கட்டுரையைப் பட்டியலில் சேர்க்கமாட்டாள். ஒரே ஒரு பழைய மீன்வள அறிக்கைக்காக மண்டபம் ஊர் வரை போய் வந்திருக்கிறாள். மார்ச்சோடு அவள் வேலை முடிகிறது. இந்த விண்ணப்பம் தேறினால் இன்னும் மூன்று வருடம். அதில் அவள் பெயரும் இருந்தது.

நாற்பத்தேழாவது வரி கட்டுரை அல்ல, வாய்மொழித் தகவல். 'லிகோரி, சங்கு குளிப்பவர், திரேஸ்புரம், அக்டோபர் 2023.' கடலடிப் பாறைத் திட்டான பாரில் முத்துச்சிப்பிக் குஞ்சுகள் மறுபடி ஒட்டியிருப்பதைப் பார்த்ததாக அவர் பேராசிரியர் சுதர்சனத்திடம் சொல்லியிருந்தார். விண்ணப்பமே அதன் மேல்தான் நின்றது. வாய்மொழித் தகவலுக்குச் சொன்னவரின் கையெழுத்து வேண்டும் என்று இந்த வருடம் புது விதி. சுதர்சனம் சென்னையில் கூட்டத்தில் இருந்தார். மறுநாள் கடைசி நாள். ஒப்புதல் கடிதத்தை அடித்து எடுத்துக்கொண்டு அவளே திரேஸ்புரம் போனாள்.

வீட்டு வாசலில் ஒருத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். லிகோரியின் மனைவி பிலோமினா.

"யக்கா, அண்ணாச்சி இருக்காவளா? ஒரு கையெழுத்து வேணும்."

"கையெழுத்தா? கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கேளு."

சீனித்தாய் சிரிக்கப் பார்த்தாள். பிலோமினா சிரிக்கவில்லை.

"ரெண்டாயிரத்து இருபத்திரெண்டு பிப்ரவரி. வள்ளத்துலயே நெஞ்சுவலி. ஏளா, ஒனக்குத் தெரியாதா?"

"இருபத்திமூணுல எங்க சார்ட்ட பேசுனதா எழுதியிருக்கே."

"எங்கூட ஒரு சொப்பனத்துலயும் வந்து பேசல. ஒங்க சார்ட்ட மட்டும் பேசிட்டுப் போனாராக்கும்? வோட்டர் லிஸ்ட்டுலயே பேரை எடுத்தாச்சு. ஒங்க லிஸ்ட்டுல இன்னும் இருக்காரா?"

"சாருக்கு விஷயம் தெரிஞ்சிருக்காதுக்கா."

"தெரியாதா? அடக்கத்துக்கு வந்தாரே. கல்லறை வரைக்கும் கொடை பிடிச்சிக்கிட்டு நடந்தாரு. குழிக்குள்ள மண்ணும் போட்டாரு."

சீனித்தாய் கடிதத்தை மடித்தாள். அது மடிய மறுத்தது போலிருந்தது. பிலோமினா கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு, "உக்காரு, தண்ணி குடி," என்றாள். சீனித்தாய் உட்காரவில்லை.

மாலை ஆறு மணிக்குச் சுதர்சனம் விமான நிலையத்திலிருந்து நேராகத் துறைக்கு வந்தார். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"வருஷத்தை மாத்திடும்மா. 2021ன்னு போடு. காலமானவாளுக்குக் கையெழுத்து வேண்டாம்னு விதியிலயே இருக்கு."

"2021ல அவர் அப்படிச் சொன்னாரா சார்?"

"சொல்லியிருப்பார்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் மடித்த கடிதத்தை மேசையில் வைத்தாள். லிகோரியின் குழிக்குள் மண் போட்டவர் இவர்.

"அந்த வரியை எடுத்துருவோம் சார்."

"எடுத்தா விண்ணப்பம் எங்க இருக்கு? உனக்கும் சேர்த்துத்தானே பண்றேன்."

அவள் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் 2023இல் கடைசி எண்ணை அழித்து 1 போட்டார். ஒரு நொடி வேலை.

"அப்போ என் பேரை எடுத்துருங்க சார்."

"யோசிச்சுச் சொல்றியா?"

"ஆமா சார்."

அவர் அதையும் அழித்தார்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு விண்ணப்பம் போனது. சான்றுப் பட்டியலில் ஐம்பத்திரண்டு வரிகள் இருந்தன. உதவியாளர் என்ற இடத்தில் 'பின்னர் நியமிக்கப்படுவார்' என்று இருந்தது. பதினோரு மணிக்குச் சீனித்தாய் ஆய்வகத்துச் சிப்பித் தொட்டிக்கு நீர் மாற்றினாள். இரண்டு சிப்பிகள் செத்திருந்தன. எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதினாள். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டாள். ஐந்தரை மணி பஸ்ஸில் ஊருக்குப் போனாள்.