ஹாஜியாரின் அலுமாரி

எங்கள் அம்மா எதையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் நம்புவாள். பால்காரன் ஊற்றும் பாலை முகர்வாள், தம்பி கழற்றிப் போட்ட சட்டையை முகர்வாள், வேலை முடிந்து தாமதமாக வரும் அப்பா சொல்லும் காரணங்களையும் ஏறக்குறைய அப்படித்தான் வாங்கிக்கொள்வாள். கெலிஓயாவில் இரண்டு அறையும் குசினியும் தனிக் கிணறும் உள்ள ஒரு வீடு, கண்டியில் நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்ததில் பாதி வாடகைக்குக் கிடைக்கிறது என்று அப்பா வந்து சொன்ன அன்று அவள் முகம் மலரவில்லை.

"பாதிக்கா? அந்த வீட்டுல என்ன கோளாறு?" என்றாள்.

கோளாறு எங்களிடம்தான் இருந்தது. கண்டியில் ஓர் அச்சுக்கூடத்தின் மேல்மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். கீழே இயந்திரம் ஓடினால் மேலே தட்டில் கவிழ்த்த தம்ளர்கள் தாமாக நகரும். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. தங்கச்சி பிறந்ததும் அவள் அழுகை கீழே வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கட்டடக்காரர் படியேறி வந்து சொன்னார். இயந்திரத்தின் சத்தம் தங்கச்சிக்கு இடைஞ்சலாக இருப்பதை நாங்கள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அடுத்த மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். அப்பா துணிக்கடையில் விற்பனையாளர். அந்தச் சம்பளத்துக்கு நகரத்துக்குள் வேறு இடம் கிடைக்காது. பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலம் அது. சீனியைக் கண்ணால் காண்பதே அரிது. தேநீருக்கு ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொள்வோம்.

வீட்டுக்காரர் கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார். அப்பாவின் கடைக்கு இடுப்பில் கட்டும் சாரம் வாங்க வந்த இடத்தில் பேச்சு வளர்ந்து வீடு வரை போயிருந்தது. அவர் போட்ட நிபந்தனைகள் இரண்டு. வாடகைக்கு ரசீது கேட்கக் கூடாது. முன் அறையில் இருக்கும் அவருடைய அலுமாரி அங்கேயே இருக்கும், வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து அதைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். இந்த இரண்டாவது நிபந்தனையை அப்பா அம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிட்டார். மறந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். அம்மா நம்பவில்லை.

லொறிக்குத் தனியாகக் கொடுக்கக் கட்டாது. நுவரெலியாப் பக்கமிருந்து கண்டிச் சந்தைக்கு மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறி ஒன்றை அப்பா பேசி வைத்திருந்தார். எப்படியும் கெலிஓயா வழியாகத்தான் அது போக வேண்டும் என்பதால் கேட்ட கூலியும் குறைவு. எங்கள் கட்டில், இரண்டு கதிரை, டிரங்குப் பெட்டி, சட்டிபானை எல்லாம் மிதிபட்ட கோவா இலைகளின் மேல் பயணம் செய்தன. அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் படுக்கை விரிப்பில் லீக்ஸ் மணத்தது. அம்மா முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு, முருகன் படத்தையும் உப்புச் சாடியையும் காலுக்கிடையில் இடுக்கியபடி வந்தாள். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியவை அந்த இரண்டும்தான்.

அவற்றைக் கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். முன் அறையின் பாதியை அடைத்துக்கொண்டு, கூரையைத் தொடும் உயரத்தில், கறுத்த தேக்கு அலுமாரி நின்றது. பூட்டியிருந்தது.

அடுத்தவர் பூட்டிய சாமான் இருக்கும் வீட்டில் எப்படிப் பால் காய்ச்சுவது என்று கேட்டாள். அப்பா லொறிக்காரனை அனுப்ப வேண்டும் என்று வெளியே போய்விட்டார். வேறு வழியில்லாமல் அம்மா குசினியில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கமாக வழிந்தால் நல்லது என்பது எங்கள் வழக்கம். நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பால் பொங்கி, கிழக்கை விட்டுவிட்டு, நேரே அலுமாரி இருந்த பக்கமாக வழிந்தது. "பாத்தீங்களா?" என்றாள் அம்மா. அடுப்புக்கல் சரிந்திருக்கிறது என்றார் அப்பா.

முதல் வெள்ளிக்கிழமை ஹாஜியார் வந்தார். வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் குடை, வெற்றிலை போடாத சுத்தமான பல். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுத்தான் வந்தார். தன் சொந்த வீட்டுக்குள் அனுமதி கேட்டு வரும் மனிதரை அம்மா அதற்காகவே கூடுதலாகச் சந்தேகப்பட்டாள்.

"ஒண்டும் நெனச்சிக்கொள்ளாதீங்க தங்கச்சி. என்ட சாமான் கொஞ்சம் ஈக்கி. அஞ்சு நிமிஷம்" என்றார் அம்மாவிடம்.

சாவியை இடுப்புப் பட்டியிலிருந்து எடுத்தார். ஒரு கதவை மட்டும் பாதி திறந்து, திறந்த கதவுக்கும் தன் முதுகுக்கும் நடுவே யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி நின்றார். உள்ளே ஏதோ தகரம் மெல்லச் சத்தமிட்டது. கொஞ்ச நேரம் அவர் தாடை அசைந்தது. பிறகு பூட்டி, கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தம்பியின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

மந்திரம் சொல்கிறார் என்றாள் அம்மா. அது முதல் வெள்ளிக்கிழமைக்கான கருத்து. இரண்டாம் வெள்ளிக்கிழமை நகை என்றாள். மூன்றாம் வாரம் நான்தான் எறும்புகளைக் கண்டுபிடித்தேன். சுவரோரமாக ஒரே வரிசையில் வந்து அலுமாரியின் காலில் ஏறி, கதவிடுக்கில் நுழைந்துகொண்டிருந்தன. அம்மா மண்டியிட்டு அந்த இடுக்கில் மூக்கை வைத்து நீண்ட நேரம் முகர்ந்தாள். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"சீனி" என்றாள். "மூட்டைக் கணக்குல பதுக்கி வச்சிருக்காரு."

பதுக்கல்காரர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. அம்மாவின் பயம் நியாயமானது. பொலிஸ் வந்தால் கடையில் உட்கார்ந்திருக்கும் ஹாஜியாரையா பிடிக்கும்? சீனி இருக்கும் வீட்டில் குடியிருப்பவரைத்தான் பிடிக்கும். பல வருடம் அலைந்து அப்பாவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் அந்த வருடம்தான் கைக்கு வந்திருந்தது. டிரங்குப் பெட்டியின் அடியில், அம்மாவின் கூறைச் சேலை மடிப்புக்குள் அது இருந்தது. பத்திரம் வந்த கையோடு ஜெயிலுக்கா போவது என்று அம்மா அன்று அழுதாள். அலுமாரியை எடுக்கச் சொல்லுங்கள் என்றாள்.

"சும்மா இரு. அவர் மனசு கோணினா நாளைக்கே எறங்கச் சொல்லுவாரு. இந்தப் புள்ளைகளத் தூக்கிக்கிட்டு எங்க போறது?" என்றார் அப்பா.

அதோடு அவளுடைய அழுகை நின்றது. பேச்சும் நின்றது. ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் தலை பின்னிக்கொண்டே எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். காக்கிச் சட்டையோ கோப்பு வைத்திருக்கும் ஆளோ வந்து கேட்டால், அலுமாரி எங்களுடையது இல்லை, சாவி எங்களிடம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இந்த மூன்றையும் நான் வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கினேன்.

ஹாஜியார் கெட்டவராகத் தெரியவில்லை என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. பாண் கிடைக்காத ஒரு நாள் கடைப் பையனிடம் மரவள்ளிக்கிழங்கு கொடுத்தனுப்பினார். அம்மா அதையும் முகர்ந்து பார்த்துத்தான் அவித்தாள். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

கோப்பு வைத்திருந்த ஆள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். காய்ச்சல் என்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா கிணற்றடியில் தங்கச்சியின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். முழுக்கை வெள்ளைச் சட்டை போட்ட அந்த மாத்தயா, அரசாங்கக் கந்தோரிலிருந்து வீடுகளைப் பதிய வந்திருப்பதாகச் சிங்களத்தில் சொன்னார். எத்தனை பேர், எத்தனை அறை என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர் முன் அறையில் நின்றார். பேனாவால் காட்டினார்.

"மே அல்மாரிய காகெத?"

யாருடைய அலுமாரி என்று கேட்கிறார். அப்பாவைக் காப்பாற்ற வேண்டியது இப்போது நான்தான் என்று நினைத்தேன். பாடமாக்கிய மூன்றையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் கேட்காமலேயே, ஹாஜியார் வெள்ளிக்கிழமை தோறும் வருவார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பேனா நிற்காமல் ஓடியது.

சத்தம் கேட்டு அம்மா கையில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தாள். வாடகை ரசீது இருக்கிறதா என்று அவளிடம் கேட்டார். ரசீதே கிடையாது என்றாள். வீட்டுக்காரர் இங்கே தங்குவது உண்டா என்று கேட்டார். பழி முழுவதும் ஹாஜியார் தலையில் போய்ச் சேரட்டும் என்று அம்மா ஒரேயடியாகச் சொன்னாள்.

"இது அவரு பொழங்குற அறைங்க. அவரு சாமான்தான் எல்லாம். நாங்க பின்னால ஒதுங்கி இருக்கோம், அவ்வளவுதான்."

மாத்தயாவுக்குத் தமிழ் புரிந்தது. எழுதி முடித்து, கோப்பைத் திருப்பி, கையெழுத்துப் போடச் சொன்னார். அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டித் தன் பெயரை முழுதாக எழுதினாள். அலுமாரியைத் திறந்து காட்டு என்று அவர் கேட்கவே இல்லை. அவர் படலையைத் தாண்டியதும் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "எங்க ராசாத்தி, அப்பாவக் காப்பாத்திட்ட" என்றாள். அம்மா என்னை அப்படிக் கட்டிக்கொள்வது வழக்கமில்லை. எனக்குக் காய்ச்சலே விட்டுப்போன மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா கம்பளைக்குப் போகும் பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குள் கால் வைத்ததும் இருவருமாகச் சொன்னோம். நான் சொன்னதை நானும், அம்மா சொன்னதை அம்மாவும், கையெழுத்தைப் பற்றி இருவரும். அவர் சட்டையைக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"கையெழுத்துமா போட்டுக் குடுத்தே?" என்று ஒரு தரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சரியாத்தாம்மா சொல்லியிருக்கே" என்றார்.

மாத்தயா வந்துபோன செய்தி ஹாஜியார் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை ஒரு தட்டு வட்டிலப்ப இனிப்போடு வந்தார். யாரும் கேட்காமலேயே அலுமாரியின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார். உள்ளே சீனி மூட்டை இல்லை. ஒரு மாற்றுச் சாரம், ஒரு சட்டை, ஒரு பழைய தொப்பி, ஒரு சோடிச் செருப்பு, சவரப்பெட்டி. மேல் தட்டில் பேரீச்சம்பழத் தகரம் ஒன்று. எறும்புகள் அதற்காகத்தான் அத்தனை தூரம் நடந்திருக்கின்றன.

"மக்கத்தால கொண்டுவந்தது. எனக்கு சீனி வருத்தம், இனிப்பு ஆகாது, ஊட்டுல கண்டா பறிச்சிப் போடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அம்மா தன் பழத்தை முகராமலேயே வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு வயதானவர் திருட்டுத்தனமாகப் பழம் தின்பதற்காக இத்தனை பெரிய அலுமாரியா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நாங்கள் பதினோரு வருடம் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஹாஜியார் ஒரு தடவைகூட வாடகையைக் கூட்டவில்லை. அம்மா அவரை அண்ணன் என்று கூப்பிடத் தொடங்கினாள். அவருடைய மவுத்துக்கு எங்கள் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை.

பிற்காலத்தில் நானும் ஒரு கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பழைய கட்டுகளை ஒதுக்கும்போது, நீலம் பாய்ந்த தடித்த தாளில், மேலே அரச இலச்சினை போட்ட வெற்றுப் படிவங்கள் சில அகப்பட்டன. வாசித்தேன். ஒருவர் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் அங்கே வாடகைக்கு இருப்பவரே தவணை முறையில் வாங்கிக்கொள்ளக் கேட்கலாம் என்று நாங்கள் குடிபோன அந்தக் காலத்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. வாடகைக்கு இருப்பவர் பூர்த்தி செய்ய வேண்டிய விண்ணப்பம் அது. வீட்டுக்காரர் தானே அங்கே புழங்குகிறார் என்று ஆகிவிட்டால் விண்ணப்பம் செல்லாது. அதற்குத்தான் அந்தச் சாரமும் செருப்பும் சவரப்பெட்டியும், ரசீது தராததும். நாங்கள் ஹாஜியாரைச் சந்தேகப்பட்டோம், ஹாஜியார் எங்களைச் சந்தேகப்பட்டார். சந்தேகப்பட வேண்டிய ஆளாக அந்த வீட்டில் இருந்தவர் அப்பா ஒருவர்தான்.

ஏனென்றால் அந்த நீலத் தாளை எனக்கு முன்பே தெரியும். மாத்தயா வந்துபோன அன்று, நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்த அப்பா, முருகன் படத்தின் பின்னால் கையை விட்டு மடித்த தாள் ஒன்றை எடுத்தார். இரண்டு பக்கமும் அவருடைய குண்டு எழுத்தில் நிரப்பியிருந்தது. வெளியே மழை பெய்து, வாசல் கானில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படியில் உட்கார்ந்து, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தாளில் ஒரு கப்பல் செய்தார். தடித்த தாளானதால் மடிப்புகளை நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. கானில் விட்டார். அது நிமிர்ந்தபடியே போய், மதகுக்குள் நுழைந்து மறைந்தது.

தம்பி இன்னொரு கப்பல் கேட்டு அழுதான்.

"இன்னொண்ணு செய்யத் தாள் இல்லடா" என்றார் அப்பா.

கடையிலிருந்து அவர் கொண்டுவந்து சேர்த்த துணி சுற்றும் தாள்கள் கதவுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றைப் பார்த்தேன், அப்பாவையும் பார்த்தேன். ஒரு கப்பல் செய்து கொடுக்க இவ்வளவு கஞ்சத்தனமா என்று அன்று அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது.