கொளஞ்சியின் கையும் செத்த சொறியும்

புதுச்சேரி கவர்னர் வைத்திருக்கிற பீரங்கிகளை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். காரைக்கால், மாஹி, ஏனாம், சந்திரநாகூர் என்று பிரெஞ்சுக்காரன் கொடி பறக்கிற எல்லா ஊரையும் காக்க வைத்திக்குப்பத்துக் கொளஞ்சி ஒருத்தி போதும். அவள் கடலில் காலை வைத்தால் சொறிமீன் எல்லாம் ரங்கூன் பக்கம் ஒதுங்கிப் போகும். சொறி பட்டால் ஊரே துள்ளும். அவளுக்கு மட்டும் வலிக்கவே வலிக்காது.

சொறி என்பது கடலில் குடை மாதிரி மிதக்கிற கொழகொழப்பு. அடியில் தொங்குகிற நூல் பட்டால் சூடு போட்ட மாதிரி தோல் தடித்துக்கொள்ளும். அந்த நூல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பைகளாம். ஒவ்வொரு பைக்குள்ளும் சுருண்டு கிடக்கிற ஒரு முள், தொட்ட உடனே பாயுமாம். பள்ளிக்கூடத்து பிரெஞ்சு வாத்தியார், மிசியே, சொன்னார். பாறையில் பூ மாதிரி விரிந்திருக்கும் கடல் சாமந்திகூட இதற்குப் பங்காளிதானாம். இதை எழுதுகிறவன் பள்ளியில் உருப்படியாகக் காதில் வாங்கியது இது ஒன்றுதான்.

தெற்கத்திக் காற்று அடிக்கிற மாசங்களில் கரைவலையில் மீனைவிடச் சொறி அதிகம் வரும். ஆம்பளைகள் வலையை இழுத்துப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பீடி பிடிப்பார்கள். வலைக்குள் கைவிட்டுச் சொறியைப் பொறுக்கி எறிகிறவருக்கு முதல் கூடை மீன் என்பது குப்பத்து வழக்கம். புருஷன் கடலோடு போன பிறகு கொளஞ்சி அந்த முதல் கூடையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு விலை அவள் கை. முழங்கை வரை கோடு கோடாகச் சிவந்து, கறுத்து, கறுத்ததன் மேலேயே மறுபடி சிவந்து கிடக்கும்.

பெரிய மார்க்கெட்டில் ஒரு நாள் நெல்லித்தோப்பு அம்மாள் ஒருத்தி, வாங்கிய வஞ்சிரத்தை அந்தக் கையைப் பார்த்ததும் கூடையிலேயே போட்டுவிட்டுப் போனாள். உடனே வந்து நின்றான் தணிகாசலம். மார்க்கெட் குத்தகைக்காரரின் ஆள். அவன் வருவதற்கு முன்னால் மீசை வந்துவிடும்.

"தே கொளஞ்சி, என்னா நோவு இது? கைய முந்தானையால மூடு. இல்ல, நாளையிலேர்ந்து வெளிய வண்டிமாடு கட்டுற எடத்துல குந்து."

வெளியே வெயிலில் உட்கார்ந்தால் மீன் பொழுது ஏறுவதற்குள் நாறிவிடும். அப்புறம் வீட்டில் உலை ஏறாது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"மூடிக்கடி. என்னா கொறைஞ்சிடப் போவுது?" என்றாள் பக்கத்துக் கடை அமிர்தவல்லி.

"எதுக்கு மூடணும்? திருடுன கையா இது? இதுதான் எனக்குச் சோறு போடுது."

"தொத்து நோவுடி அது! மார்க்கெட்டுக்கே தொத்திக்கும்" என்றான் தணிகாசலம்.

"தொத்துமா? பாத்துடலாம் வா. வலது கைய நான் புடிச்சிக்கிறேன். இடது கைய அந்தக் கூடையில வை. நேத்தே செத்த சொறி, ஒரு நூலு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. எந்தக் கை செவக்குதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

கூட்டம் கூடிவிட்டது. பின்வாங்கினால் மீசைக்கு மரியாதை இல்லை.

"செத்தது என்னாடி செய்யும்?" என்று சிரித்துக்கொண்டே கையை வைத்தான்.

சொறி செத்தாலும் அந்த முள்ளுக்குச் செத்தது தெரியாது. தணிகாசலம் தன் குலதெய்வத்தையும் வேளாங்கண்ணி மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டான். இடது கையில் அவள் கையில் இருப்பதைப் போலவே கோடுகள் எழும்பின. அவள் இன்னும் விடாமல் பிடித்திருந்த வலது கை, சந்தனம் பூசலாம் போலச் சுத்தமாக இருந்தது.

"இப்ப சொல்லுய்யா, எது நோவு? உன் சட்டப்படி நீயும் வெளியதான் குந்தணும். வா, மாட்டுக்குப் பக்கத்துல ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு."

மார்க்கெட்டே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கூடைக்கு அடியிலிருந்து ஒரு காடி பாட்டிலை எடுத்து அவன் கையில் ஊற்றினாள். ஊறுகாய்க்கு ஊற்றுகிற அந்தப் புளிப்பு பட்டால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். அந்தக் காடி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத விஷயம்.

கடைசியில் அவள் மூடவில்லை. அவன்தான் துண்டால் கையை மூடிக்கொண்டு போனான். மறுநாளும் அதே இடத்தில், ரவிக்கைக் கையை இன்னும் இரண்டு மடிப்பு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

எழுதியதைக் கொளஞ்சியிடம் கொண்டுபோய்ப் படித்தான் எழுதினவன். மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. வலிக்கவே வலிக்காதுன்னு மொதல்ல வருதே, அத இன்னொரு தரம் படி."

படித்தான்.

"வலிக்காதவ வாசல்ல தெனம் எதுக்குடா காடி பாட்டில வச்சிட்டு ஓடுற?"

"நானா? எனக்கு வேற வேலை இல்ல?"

"போடா. பாட்டிலுக்குள்ள உங்கம்மா ஊறுகாய்ப் பூண்டு மெதக்குது."