ஐஸ் பெட்டிக்கு அடியில் ரேடியேட்டர்

பழவேற்காட்டு ஷேக் தாவூதுக்கு மனுஷர்களில் பாதிப் பேரைப் பிடிக்காது. மீதிப் பேரைக் கண்டால் ஆகாது. ஸ்பேனர் பிடித்தவனெல்லாம் அவர் பார்வையில் அரைகுறை. ஆட்டோ ஓட்டுகிறவன் சோம்பேறி, வேனில் போகிறவன் மூட்டை, மீன்பாடி வண்டி வைத்திருப்பவன் பிழைக்கத் தெரியாதவன். இளவயதில் துபாயில் ஒரு கார் ஷெட்டில் தரை துடைத்துவிட்டு வந்தவர் அவர். ஊருக்குத் திரும்பியபோது தரை துடைத்தது மறந்துவிட்டது, துபாய் மட்டும் ஞாபகம் இருந்தது. அன்றிலிருந்து இந்த ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பது அவர் முடிவு.

இத்தனைக்கும் அவர் பார்த்த தொழில் மீன் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் போவதுதான். அதுவும் மூன்று சக்கர வண்டியில்தான். ஆனால் அதை யாராவது மீன்பாடி வண்டி என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அது ட்ரைக். வெளிநாட்டில் தாடி வைத்த பணக்காரர்கள் அந்த மாதிரி வண்டியில்தான் ஊர் சுற்றுகிறார்களாம். செல்போனில் பார்த்திருக்கிறார்.

வண்டியை அவரே தன் வீட்டுப் பின்பக்கத்தில் கட்டினார். முன்னால் ஒரு பழைய புல்லட்டின் ஹேண்டில்பாரும் ஒற்றைச் சக்கரமும் சீட்டும். பின்னால் காயலான் கடையில் கிடைத்த மாருதி காரின் இன்ஜின். அதற்கு மேலே பெரிய ஐஸ் பெட்டி. வெல்டிங் வேலைக்கு மட்டும் கும்மிடிப்பூண்டியிலிருந்து மோசஸை வரவழைத்தார். மோசஸ் சிப்காட்டில் ஒரு பட்டறையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி வெளிவேலைக்கும் வருவான்.

தகராறு ரேடியேட்டரை எங்கே வைப்பது என்பதில் வந்தது. புல்லட் இன்ஜின் என்றால் வெறும் காற்றிலேயே ஆறிவிடும். கார் இன்ஜினுக்குள் தண்ணீர் ஓட வேண்டும். சூடேறி வரும் தண்ணீரை ரேடியேட்டர் ஆற்றி மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். காரில் அது முன்னால் நின்று எதிர்க்காற்றை வாங்கிக்கொள்ளும். இங்கேயோ இன்ஜினே பின்னால் இருக்கிறது.

"முன்னாடியே வெச்சிரலாம் பாய். சக்கரத்துக்குப் பின்னால, ரெண்டு காலுக்கு நடுவுல. ஓஸு பைப்ப நீட்டமா இஸ்துக்கலாம். காத்து நேரா வந்து அடிக்கும்" என்றான் மோசஸ்.

"மூஞ்சியில ஜன்னல் கம்பிய தொங்க உட்டா மாதிரி இருக்கும். ஆட்டோக்காரன் கூட சிரிப்பான்டா."

"அப்போ பின்னாடி நிமித்தி வெச்சி ஒரு ஃபேன் போட்டுக்கோங்க."

தாவூது சிரித்தார். எதிரே நிற்பவனுக்கு அறிவு இல்லையே என்று இரக்கப்பட்டுச் சிரிக்கும் சிரிப்பு அது. அவரிடம் யோசனை தயாராக இருந்தது. ரேடியேட்டரை ஐஸ் பெட்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுவது. பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அதன் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஊரில் மற்ற மீன் வண்டிக்காரர்கள் எல்லாம் ரோட்டில் விட்டு வீணாக்குகிற தண்ணீர்.

"ஃபேனு ஐஸ் இல்லாதவனுக்கு. எனக்கு எதுக்கு?"

"அது மீனு ஊறுன உப்புத் தண்ணி பாய். தகட்ட அரிச்சிரும். மீன் செதிலு போயி அடைச்சிக்கும். படுக்கப் போட்டா காத்தும் பூராது."

"நீ வெல்டிங் அடிக்க வந்தியா, பாடம் எடுக்க வந்தியா?"

மோசஸ் வெல்டிங் அடித்துவிட்டுப் போனான்.

வண்டி ஓடியது. அதுதான் கொடுமை. ஐஸும் மீனும் நிரப்பிக்கொண்டு பொன்னேரிக்குப் போய், மிச்ச ஐஸோடு திரும்பி வரும்வரை சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. தாவூது டீக்கடையில் மோசஸைப் போலப் பேசிக் காட்டினார், கையைக் காலை ஆட்டிக் காட்டினார். கன்னியம்மாவும் மற்ற மீன்காரப் பெண்களும் குட்டி யானை லாரியில் கூடையோடு கூடையாகக் குந்திக்கொண்டு கும்மிடிப்பூண்டிச் சந்தைக்குப் போவதைப் பார்த்தால் மூக்கைச் சுளித்துக்கொள்வார். தன் பெட்டியிலும் அதே மீன்தான் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வராது.

அவர் மகள் ரமீஸா பொன்னேரி காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. காலை ஒன்பது மணிக்குள் கேட்டில் நிற்க வேண்டும், பிந்தி வருகிறவர்களுக்கு உள்ளே இடமில்லை. வேலை கிடைத்தால் நிக்காஹ் பேச்சைத் தள்ளி வைப்பதாக உம்மா ஜாஹிதா ஒத்துக்கொண்டிருந்தாள். கிடைக்காவிட்டால் பெண் பார்க்க வரும் ஆட்களுக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். ரமீஸாவுக்கு அந்த ஒரு காலைப்பொழுதில்தான் எல்லாம் இருந்தது.

பழவேற்காட்டிலிருந்து கம்பெனி வேன் ஒன்று போகும். அதில் வேலைக்குப் போகும் சிநேகிதி ஒருத்தி டிரைவரிடம் ரமீஸாவுக்காகச் சொல்லி வைத்திருந்தாள்.

"வேனா? ஆட்ட அடைக்கிறாப்புல அடைச்சிக்கினு போவான்" என்றார் தாவூது. "என் பொண்ணு என் வண்டியில போயி எறங்குவா. வாட்ச்மேன் சல்யூட் அடிப்பான் பாரு."

முந்தின நாள் வியாபாரத்துக்கே போகவில்லை. பெட்டியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார், எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தார், வெயிலில் காய வைத்தார். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே மெத்தை போட்டு, புது பெட்ஷீட் விரித்து, அத்தர் தெளித்தார். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து தனக்காக இந்த மனிதர் ஒரு தம்ளர்கூடக் கழுவியதில்லை என்று ஜாஹிதா நினைத்துக்கொண்டாள்.

"மீனு ஏத்தாம ஒரு சுத்து ஓட்டிப் பாத்துடுங்களேன்" என்றாள்.

"தெனம் ஓட்ற வண்டிய இன்னாத்துக்கு ஓட்டிப் பாக்கணும்?"

காலையில் ரமீஸா இஸ்திரி போட்ட சுடிதாரில் மெத்தைமேல் உட்கார்ந்தாள். வண்டி ராஜநடை போட்டது. வழியில் கம்பெனி வேன் அவர்களை முந்திப் போனது. தாவூது அதற்கு ஹார்ன் அடித்து ஒரு இளக்காரச் சிரிப்பும் சிரித்தார். திருப்பாலைவனம் தாண்டியதும் சூட்டு முள் மேலே ஏறியது. அவர் மீட்டரை விரலால் தட்டினார்.

"வாப்பா, அடியில சுடுது."

"இன்ஜின்னா சுடாம இருக்குமா? மீட்டர்தான் டுபாக்கூரு."

கொஞ்ச தூரத்தில் புஸ் என்று ஆவி கிளம்பியது. வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் வயல், ஒரு ஆள் இல்லை.

தாவூது இறங்கிப் போய் ரமீஸாவின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி ரேடியேட்டர் மேல் ஊற்றினார். ஊற்றியது அத்தனையும் ஆவியாகப் போனது. சூடு தணிந்த பிறகு கையால் துழாவிப் பார்த்தார். மெல்லிய தகடுகள் ஊறிய அப்பளம்போலப் பொடிந்து விரலோடு வந்தன. இடுக்கெல்லாம் செதில் காய்ந்து கிடந்தது. மோசஸ் சொன்னது ஒன்றுவிடாமல் அங்கே இருந்தது. அந்த நிமிஷத்தில் அவருக்கு மோசஸ் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ரமீஸா இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். சொட்டுக் குழாய் வறண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐஸ் இல்லாம இந்த வண்டி என்னிக்காவது ஓடியிருக்கா வாப்பா?"

"நீ உக்கார்ற எடமாச்சேன்னு கழுவி வெச்சேம்மா" என்றார்.

பின்னால் குட்டி யானை வந்து நின்றது. கூடைகளுக்கு நடுவிலிருந்து கன்னியம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாய், ட்ரைக்குக்கு மூச்சு வாங்குதா? கூடையில ஐஸு கீது, ரெண்டு கட்டி தரட்டா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாவூது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரமீஸா சிரிக்கவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு நேராக அந்த வண்டியருகே போனாள்.

"அக்கா, கும்முடிபூண்டி வரைக்கும் எனக்கு எடம் இருக்குமா?"

"ஏறு கண்ணு. எம்மா, அந்தக் கூடைய நகத்து."

தாவூது ஓடி வந்தார். "ரமீஸா, வேணாம்மா. துணியெல்லாம் மீன் நாத்தம் ஒட்டிக்கும். அங்க இன்னா நெனைப்பாங்க?"

அவள் ஒரு காலை டயர்மேல் வைத்தபடி திரும்பினாள்.

"பொறந்ததுலேர்ந்து உங்க பொண்ணாத்தானே இருக்கேன் வாப்பா? இனிமேவா ஒட்டப் போவுது?"

குட்டி யானை போய்விட்டது. பேச்சைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். பேசும்போது அவள் பார்த்தாளே, அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. ஆட்டோக்காரனையும் மீன்காரியையும் மோசஸையும் அவர் பார்க்கிற பார்வை அது. பெற்ற மகளிடமிருந்து அது தனக்கு வரும் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை. வேறு எங்கும் நிழல் இல்லாததால் திறந்த பெட்டிக்குள் ஏறி, அதன் சுவரோரம் மெத்தைமேல் சுருண்டு உட்கார்ந்தார். அத்தர் வாசனை தூக்கியது. வாய்விட்டு அழாததுதான் பாக்கி.

வெயில் உச்சிக்கு வந்து அவர் பெட்டியிலிருந்து இறங்கியபோது போன் அடித்தது.

"கெடச்சிருச்சி வாப்பா. கும்முடிபூண்டியில பஸ்ஸு புடிச்சி டைமுக்குப் போயிட்டேன். திங்கக்கெழம சேரச் சொல்லிட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் தாவூது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ கேட்டாண்டயே நில்லும்மா, நான் வண்டிய..." என்று ஆரம்பித்தவர் அடியில் தொங்கிய வறண்ட குழாயைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வேணாம் வாப்பா. வேனு இருக்கு. ஊரு வரைக்கும் வருமாம். தெனமும் அதுலயே போய்க்கினு வந்துடுவேன்."

வேனைப் பற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. வாய் வரைக்கும் வந்தது.

"ஜன்னலாண்ட உக்காரும்மா" என்றார். "காத்து வரும்."