அப்பா பெயரில் பறந்த விமானம்

சின்ன வயதில் எனக்கு இருந்த சந்தேக புத்தி தெருவுக்கே தெரியும். பால்காரர் அளந்து ஊற்றும்போது கேனுக்குள் எட்டிப் பார்ப்பேன். பரீட்சையில் நல்ல மார்க் வந்தால்கூட டீச்சர் வேறு யாருடைய தாளையோ திருத்திவிட்டாரோ என்று தோன்றும். "இவளைப் போலீசுல சேத்துப்போடலாமுங்க" என்று அம்மா அப்பாவிடம் சொல்வார். அப்படிப்பட்ட என் கைக்குத்தான் பதினோரு வயதில் ஒரு போர் விமானம் வந்து சேர்ந்தது.

சூலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தறிக் குடோன். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து விசைத்தறி ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி விமானச் சண்டை ஆடுவார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னாலிருந்து கத்துவார். விளையாட்டை ஏற்றியது, அப்பா பெயரிலேயே கணக்குத் தொடங்கியது, கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்காமலிருக்க யூ.பி.எஸ். வாங்கி மாட்டியது எல்லாம் சித்தப்பாதான்.

பிறகு குடோனைப் பிரிக்கும் பேச்சு வந்தது. குடோனுக்கு இருந்தது ஒரே வாசல். அது யார் பங்கில் வருவது என்று ஆரம்பித்து, அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதே நின்றுபோனது. சித்தப்பா நான்கு வீடு தள்ளிக் குடிபோனார். இரண்டு வருடம், ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு பக்கம் தறி ஓட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை அங்கே வேலை பார்த்த தறிக்காரரிடம் சொல்லியனுப்பினார்கள். அப்பா அந்த விளையாட்டைத் தொடவே இல்லை. நான் தொட்டேன். பள்ளி விட்டு வந்ததும் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை, அப்பா வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து, அப்பா பெயரிலேயே பறந்தேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

ஜெட் விமானம் வந்த புதிதில் இருந்த ரகங்கள் அவை. ஏவுகணை கிடையாது, துப்பாக்கிதான். எதிரியின் வாலுக்குப் பின்னால் கிட்டப் போய்ச் சுட வேண்டும். துரத்துகிறேன் என்று வளைந்து வளைந்து போனால் வேகம் செத்துவிடும். அந்தக் காலத்து எஞ்சின் போன வேகத்தை லேசில் திருப்பித் தராது. ஆகவே வளையக் கூடாது. உயரத்தில் காத்திருந்து, பாய்ந்து இறங்கி, ஒரு தடவை சுட்டுவிட்டு, நிற்காமல் மறுபடி மேலேறிவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐம்பது அறுபது தடவை செத்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் அவன் வந்தான். பெயருக்குப் பதிலாக வெறும் எண்கள். தினமும் ஆறேகாலுக்கு, நான் எந்த ஆட்டத்தில் இருக்கிறேனோ அதே ஆட்டத்தில் நுழைவான். முதலில் என் பக்கத்தில் வந்து இறக்கையை இரண்டு தடவை ஆட்டுவான். பிறகு செங்குத்தாக மேலே ஏறிவிடுவான். அவனுடையது ரஷ்ய விமானம், ஏறுவதில் அதை மிஞ்ச முடியாது. என்னுடைய அமெரிக்க விமானம் மூச்சு வாங்கிக்கொண்டு கீழேயே நிற்கும். அங்கிருந்து பாய்ந்து என் வாலுக்குப் பின்னால் வருவான். எண்ணி மூன்று விநாடி அப்படியே நிற்பான். சுட மாட்டான். மறுபடி மேலே போய்விடுவான். எல்லாரும் எல்லாரையும் சுடுகிற ஆட்டத்தில், என்னைச் சுட வந்த இரண்டு பேரை அவன் வீழ்த்தியதும் உண்டு.

சுடத் தெரிந்தவன் சுடாமல் போனால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அது நல்ல காரணமாக இருக்காது என்பது என் முடிவு. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறானே, எங்கள் ஊர் விமானப்படைத் தளத்தில் இருக்கும் ஏர்ஃபோர்ஸ்காரர்களில் ஒருவனோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் திரையின் ஓரத்தில், ஆங்கில எழுத்தில், "நல்லாருக்கீங்களா" என்று வந்தது.

 உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஆடும் விளையாட்டில், பெயரை வைத்து இந்தியா என்று வேண்டுமானால் சொல்லலாம், நான் தமிழ் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பதில் போட்டுப்போடாத அம்மணி. இன்னைக்கு நல்லாருக்கீங்களாம்பான், நாளைக்கு ஊடு எங்கீம்பான்."

நான் பதில் போடவில்லை. மறுநாள், "பேசக் கூடாதுங்களா" என்று வந்தது. அதற்கும் போடவில்லை. பிறகு அவன் எழுதவில்லை. ஆனால் வந்தான், இறக்கையை ஆட்டினான், வாலுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போனான்.

மின்வெட்டு மோசமாக இருந்த வருடங்கள் அவை. எப்போது போகும், எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. போனால் தெருவிலுள்ள தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்று, காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது போல இருக்கும். யூ.பி.எஸ். பீப் பீப் என்று அடிக்க, பத்து நிமிடம் எனக்கு மட்டும் ஆட்டம் ஓடும். அப்படி ஒரு மாலை தறிகள் நின்ற அதே விநாடியில், அவன் விமானம் வளைந்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு நேராகப் போக ஆரம்பித்தது. பிறகு மறைந்துவிட்டது. அந்த வாரத்தில் மூன்று தடவை இப்படியே நடந்தது. மூன்றாவது தடவை எனக்குப் புரிந்துபோனது. இவன் வீட்டுக்கும் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் கரண்ட் வருகிறது.

மறுநாள் ஆறேகாலுக்குக் கடைக்குப் போவதாகச் சொல்லித் தெருவில் நடந்தேன். நான்காவது வீட்டு ஜன்னலில் நின்றுவிட்டேன். உள்ளே சித்தப்பா, பனியனும் லுங்கியுமாக, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். திரையில் வானம். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் தானும் சாய்ந்து, யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவிடம் சண்டை போட்டது போதாதென்று இங்கேயும் வேவு பார்க்கிறாரா? கணக்குத் தொடங்கியவர் அவர்தானே, பாஸ்வேர்டு மாற்றி அதையும் பிடுங்கிக்கொள்வாரோ? அப்பாவிடம் சொன்னால் நான் ஆடுவது தெரிந்துவிடும். நானே பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

அடுத்த நாள் அவர் வந்து இறக்கையை ஆட்டியதும், முதல் தடவையாக நானும் ஆட்டினேன். மேலே ஏறிவிடாமல் பக்கத்திலேயே இருக்கட்டும் என்பதற்கான தந்திரம் அது. பலித்தது. அவர் ஏறவில்லை. என் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, இறக்கைக்கு இறக்கை ஒட்டினாற்போல் கூடவே வந்தார். நான் ஒரு தடவை ஆட்டினால் அவர் இரண்டு தடவை ஆட்டினார். கால் மணி நேரம் அப்படிப் பறந்திருப்போம். எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது தறிகள் நின்றன.

அவர் விமானம் நேராகப் போனது. நான் வேகத்தைக் குறைக்கும் தகடுகளை விரித்துப் பின்தங்கி, அவர் வாலுக்கு நேரே வந்து, கிட்டப் போய்ச் சுட்டேன். குண்டு ஒன்றுகூட வீணாகவில்லை.

அதன் பிறகு அவர் வரவே இல்லை. அடுத்த வாரம் சித்தப்பா தன் பங்குத் தறிகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார். உடுமலைப்பேட்டைக்கே போகிறார்களாம் என்று தறிக்காரர் வந்து சொன்னார். அப்பா லாரி போன திசையையே பார்த்துக்கொண்டு, "நான் அவனை என்ன செஞ்சுபோட்டேன்?" என்று அம்மாவிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எதிரியை ஊரை விட்டே துரத்திவிட்ட பெருமையை வெளியில் காட்டிக்கொள்ளாமல் நின்றிருந்தேன்.

பல வருடங்கள் கழித்து ஈரோட்டில் ஒரு கல்யாணத்தில் சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மண்டபத்தின் இந்த ஓரத்தில் அப்பா, அந்த ஓரத்தில் சித்தப்பா.

"உங்கப்பா பேசாட்டியும் அந்த வெளையாட்டுல வர்றாருன்னு இவருக்கு அத்தனை சந்தோசம் கண்ணு" என்றார். "அன்னைக்கு, அண்ணன் றெக்கைய ஆட்டிப்போட்டாருன்னு என்னையக் கூப்புட்டுக் காட்டுனாரு. நாளைக்குப் போயிப் பேசிப்போடறேன்னு சட்டையெல்லாம் எடுத்து வெச்சாரு. கரண்ட் வந்ததும் பாத்தா, உங்கப்பா சுட்டதா வந்துருக்குது. நமக்குக் கரண்ட் போற வரைக்கும் காத்திருந்து சுட்டாரேன்னு, அந்த மனுசன் அன்னைக்குச் சோறே திங்கல."

அவர் தேடி வந்தது தன் அண்ணனை என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. 

"சித்தி, அன்னைக்குச் சுட்டது நானுங்க."

 சித்தி என் கன்னத்தைத் தட்டினார்.

"உங்கப்பாவைக் காப்பாத்தப் பாக்கறயாக்கும்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு எழுந்து போனார்.