அவசரமாகப் பார்த்த துண்டு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வாக்கியம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சில விஷயம் மறந்தும் போகிறது. என் மகளைப் பற்றியது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மகள் செபராங் ஜெயாவில் ஓர் ஆபீசில் கிராணி, எழுத்தர் வேலை. எங்கள் வீட்டில் சிகரெட் தொட்டவர்களே இல்லை. இருமல் நிற்கவில்லை என்று படம் எடுத்தபோது வலது நுரையீரலில் பட்டாணி அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. புற்றாக இருக்கலாம், எடுத்துவிடுவோம் என்றார்கள்.

கடல் பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியில் சீன டாக்டர் மலாயில் சொன்னதை, நர்ஸ் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருத்தி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அந்தப் புள்ளிய சுத்தியிருக்கிற சதையோட எடுப்பாங்க. அக்கா மேசையில மயக்கத்துல இருக்கும்போதே அத லேபுக்கு அனுப்பி, ஐஸ் மாதிரி உறைய வச்சு, மெலிசா சீவிப் பாப்பாங்க. ஆரம்பம்தான்னா அதோட தைச்சிருவாங்க. உள்ள ஊடுருவியிருந்தா நுரையீரல்ல அந்தப் பாகத்தையே எடுக்கணும்."

ஆபரேஷன் அன்று கதவுக்கு வெளியே நானும் மருமகனும் உட்கார்ந்திருந்தோம். அவர் மாக் மண்டினில் பட்டறை வேலை செய்கிறவர். சின்னத் துண்டோடு முடிந்தால் ஒரு மூட்டைத் தேங்காய் உடைக்கிறேன் என்று கோயில் இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டார். எனக்கு வேண்டக்கூட வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

டாக்டர் வெளியே வந்தார். ஆரம்ப நிலைதான், ஊடுருவவில்லை, சின்னத் துண்டே போதும் என்றார். மருமகன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு போனை எடுத்துப் பாகான் டாலாமில் இருக்கும் சொந்தம் அத்தனை பேருக்கும் சொன்னார். "ஆரம்பம்தானாம் லா. சின்ன துண்டுதான்."

நர்ஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, இது அவசரத்துக்குப் பாத்தது. பெரும்பாலும் சரியா இருக்கும். ஆனா எடுத்த துண்டுல மிச்சத்த மெழுகுல வச்சு, சீவி, நிதானமா பாப்பாங்க. அந்த ரிப்போர்ட்தான் முடிவு."

அவர் கோயிலுக்குக் கிளம்பியபோது நான் மெதுவாகச் சொன்னேன். "அந்த ரிப்போர்ட்டும் வரட்டுமே மாப்பிள்ளை."

"கேட்டத சாமி குடுத்திருச்சு அத்தை. ரிப்போர்ட் வந்தாத்தான் தேங்காய்னு சாமிகிட்ட சொல்லச் சொல்றீங்களா?" என்று சிரித்தார்.

எங்களில் வேண்டுதல் பலித்த பிறகு நாள் கடத்த மாட்டார்கள். மூட்டைத் தேங்காயையும் அவரே உடைத்தார். மகள் கட்டிலில் இருந்தபடி அதைப் போனில் பார்த்தாள். சிரித்தால் தையல் வலிக்கிறது என்றாள்.

தையல் பிரித்த பிறகு ரிப்போர்ட் வந்தது. டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்ட, அதே நர்ஸ் தமிழில் சொன்னாள். புள்ளியின் ஓரிடத்தில் புற்று ஊடுருவித்தான் இருந்தது. அன்று உறைய வைத்துச் சீவியதில் அந்த இடம் வரவில்லை. நுரையீரல் காற்று நிறைந்த பஞ்சு மாதிரியாம், உறைய வைத்தால் அமுங்கிப்போகும், கொஞ்சமாக ஊடுருவியிருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டமாம். அந்தப் பாகத்தில் மீதியையும் எடுத்துவிடுவது நல்லது என்றார். மறுபடியும் ஆபரேஷன். மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கீழே வந்து காரில் ஏறினோம். மருமகன் சாவியைத் திருப்பவில்லை.

"சின்ன துண்டுன்னு கேட்டேன், சாமி குடுத்திருச்சு. தேங்காயும் உடைச்சாச்சு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பப் போயி கேக்குறது, அத்தை?"

பின் சீட்டில் என் பக்கத்திலிருந்த மகள் சொன்னாள். "துண்டு சின்னதா இருக்கணும்னு யாரு உங்கள கேக்கச் சொன்னா? நான் பொழைக்கணும்னு கேட்டிருக்கலாம்ல."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகுதான் சாவியைத் திருப்பினார். பாலம் தாண்டி வீடு வரும்வரை நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அது சில்லென்று இருந்தது.

அடுத்த வாரம் ஆபரேஷன். மருமகன் கோயில் பக்கமே போவதில்லை. மகள் விலாவைப் பிடித்துக்கொண்டு இருமுகிறாள், நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறையும் வெட்டிய ஓரத்தில் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று உறைய வைத்துப் பார்ப்பார்களாம். டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னால், நம்பி மூச்சு விடலாமா, கூடாதா? அதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

உறைய வைப்பது, மெழுகில் வைப்பது, எதில் எது தெரியும் என்பதையெல்லாம் என் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள். மகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.